ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதமா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை கூடியிருந்தால்கூட ஜனங்கள் அவ்வளவாகப் பதறுவதில்லை. மூட்டு வலிக்காக எடுக்கும் ரத்த டெஸ்ட்டில் "ஆர்.ஏ. ஃபாக்டர்: பாசிட்டிவ்" என்று ஒரு வரி இருந்தால் போதும், முகம் வெளிறிவிடும்.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். முதலாமவர் 62 வயது அம்மா. முழங்கால் வலி, மாடி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்திருந்தார். அதில் கேட்காமலே சேர்ந்து வந்த ஆர்.ஏ. ஃபாக்டர் 28. எங்கள் கூடத்தில் 20-க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ். "முடக்குவாதம்னு போட்டிருக்கே தம்பி, கை கால் கோணிக்குமா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாமவருக்கு 34 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, மோதிரம் விரலோடு இறுகிவிட்டது. இரண்டு மாதமாக இப்படி. இவருக்கு ஆர்.ஏ. நெகட்டிவ். "அப்பாடா, வேலை ஜாஸ்தி, அதான் வலி போல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அழ வேண்டியவர் அழவில்லை, சிரிக்க வேண்டியவர் சிரிக்கவில்லை. இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வாதம் என்ற ஒரே மூட்டை

நம் ஊரில் மூட்டு வலித்தால் "வாதம்". எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் போய்விடும். உண்மையில் உள்ளே இருப்பவை வேறு வேறு சரக்கு.

முழங்கால் எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு வயதாக ஆகத் தேய்வது தேய்மான வாதம். நடக்க நடக்க வலி கூடும். யூரிக் அமிலம் உப்புக்கல் போல மூட்டில் படிந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் தீயாய் எரிவது கவுட். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்து இதய வால்வைக் கெடுப்பது ருமாட்டிக் காய்ச்சல். ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் அந்தத் தொண்டைக் கிருமிக்கானது. பெயர் ஒலி ஒன்றுபோல இருப்பதால் ருமாட்டிக், ருமாட்டாய்டு இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஏ.எஸ்.ஓ., யூரிக் ஆசிட், ஆர்.ஏ. மூன்றையும் ஒரே சீட்டில் எழுதுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. மூன்றும் மூன்று கேள்வி.

நாம் பேசப்போவது ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸ் பற்றி. முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் சொல்வார்கள். இதில் மூட்டு தேய்வதில்லை, தாக்கப்படுகிறது. கிருமியை அடிக்க வேண்டிய நம் நோய் எதிர்ப்புச் சக்தியே திசை மாறி, மூட்டின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வை அடிக்கிறது. சவ்வு வீங்கித் தடித்து, கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரிக்கும். கை விரல்கள், மணிக்கட்டு போன்ற சின்ன மூட்டுகளில் பெரும்பாலும் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும். காலையில் விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனாலும் மொத்த மக்கள்தொகையில் 100-ல் ஒருவருக்கு வந்தாலே அதிகம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புகையைக் காட்டும் டெஸ்ட்கள்

டாக்டர் எழுதித் தரும் சீட்டில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு இருக்கும். இவை முடக்குவாதத்துக்கான டெஸ்ட் அல்ல. உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அழற்சி என்றால், அடிபட்ட இடமோ கிருமி புகுந்த இடமோ சிவந்து, சூடாகி, வீங்குவது. தெருக்கோடியில் புகை தெரிகிறது. எரிவது குப்பையா கூரையா என்று புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இ.எஸ்.ஆர். எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் சும்மா விடுகிறோம். அவ்வளவுதான். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும், மேலே மஞ்சள் தண்ணீர் தெளியும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்திருக்கிறதோ அதுதான் இ.எஸ்.ஆர். 1921-ல் ஸ்வீடனின் வெஸ்டர்கிரென் வகுத்த முறை, இன்றைக்கும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

கலங்கிய கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க, பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். தனித்தனியாக மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி, சட்டென்று அடியில் படியும். இங்கேயும் அதே கதைதான். அழற்சி வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது சிவப்பணுக்களைக் காசு அடுக்கியதுபோல ஒட்ட வைக்கிறது. ஒட்டிய அடுக்கு வேகமாக இறங்குகிறது. தேற்றாங்கொட்டையின் வேலையை ஃபைப்ரினோஜென் செய்கிறது.

ஆனால் ரத்தசோகை இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், சும்மா வயதானாலும் இ.எஸ்.ஆர். ஏறும். வயதுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி. நம் 62 வயது அம்மாவுக்கு 36 வரை போகலாம். அவருக்கு வந்தது 32. ரிப்போர்ட்டில் "0 முதல் 20" என்று எல்லாருக்கும் ஒரே அளவாக அச்சடித்திருந்ததால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது. அந்த நட்சத்திரமும் அவரை அழ வைத்ததில் ஒரு பங்கு.

சி.ஆர்.பி. கொஞ்சம் சுறுசுறுப்பான ஆள். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் கல்லீரல் இந்தப் புரதத்தைக் கொட்டத் தொடங்கும், அணைந்தால் சில நாளில் இறங்கிவிடும். இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும். 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இதைக் கண்டுபிடித்தது நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில். மூட்டுக்கும் அதற்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை.

சரி, இதுவரை: இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் புகை. நோயின் பெயரை அவை சொல்லாது.

காவலாளியின் பெல்ட்டைப் பிடிக்கும் காவலாளி

இப்போது ஆர்.ஏ. ஃபாக்டருக்கு வருவோம். அதற்கு முன் ஆன்டிபாடி என்றால் என்ன என்று தெரிந்தாக வேண்டும். கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்யும் புரதம் அது. உண்டிவில்லின் கவட்டை போல இருக்கும். மேலே இரண்டு கை, கீழே ஒரு பிடி. கைகள் கிருமியைப் பிடிக்கும், பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பிடியையே போய்ப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடிதான் ஆர்.ஏ. ஃபாக்டர். ருமாட்டாய்டு ஃபாக்டர் என்பது முழுப் பெயர். திருடனைப் பிடித்த காவலாளியின் பெல்ட்டை இன்னொரு காவலாளி பின்னாலிருந்து பிடிப்பதுபோல. நார்வேயில் எரிக் வாலர் 1940-ல் இதை எழுதினார். 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸும் அவரோடு இருந்தவர்களும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது ஆட்டின் சிவப்பணுவை வைத்துத்தான் டெஸ்ட். எங்கள் சீனியர்கள் அதை வாலர்-ரோஸ் டெஸ்ட் என்றே சொல்வார்கள்.

சின்னக் கூடங்களில் இன்றும் செய்யும் லேடெக்ஸ் டெஸ்ட்டைச் சொல்கிறேன். கறுப்புத் தகட்டில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு. சீரம் என்பது உறைந்த ரத்தத்தின் மேல் நிற்கும் மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் பால்போல வெள்ளையாக ஒரு சொட்டு. அதில் நுண்ணிய ரப்பர் மணிகள் மிதக்கின்றன, ஒவ்வொரு மணியின் மேலும் ஆன்டிபாடி பூசியிருக்கிறது. குச்சியால் இரண்டையும் கலந்து, தகட்டைக் கையில் எடுத்து இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். ஆர்.ஏ. ஃபாக்டர் இருந்தால் மணிகளை ஒன்றோடொன்று கோத்து இழுக்கும்; பால் திரிவதுபோல வெள்ளைத் துகள்கள் கறுப்பில் தெரியும். இல்லையென்றால் பால் பாலாகவே இருக்கும். மூன்று நிமிடம் ஆட்டினால் ஓரம் காய்ந்து திரிந்ததுபோலவே தெரியும், அதை பாசிட்டிவ் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் இப்போது இயந்திரத்தில் அளந்து எண்ணாகக் கொடுப்பது நல்லது என்கிறார்கள்.

இந்தப் பெயரில்தான் வம்பே. பெயரிலேயே "ருமாட்டாய்டு" இருப்பதால் அது அந்த நோய்க்கே சொந்தம் என்று தோன்றுகிறது. உண்மையில், நோய் எதிர்ப்பு அமைப்பு நீண்ட நாள் ஓயாமல் வேலை பார்த்தால் இந்த ஆன்டிபாடி துணைப்பொருளாக உருவாகலாம். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, இதய வால்வில் கிருமித் தொற்று, கண்ணும் வாயும் வறண்டு போகும் ஷோகிரென் நோய் எல்லாவற்றிலும் வரும். ஒரு நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்களிலும் 100-க்கு 5 பேர் அளவில் இருக்கும், வயதானால் இன்னும் கூடும்.

2006-ல் தமிழ்நாட்டைப் போட்டு ஆட்டிய சிக்குன்குனியா ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் விரலும் கணுக்காலும் வீங்கியவர்கள் எத்தனை பேர். அவர்களில் சிலருக்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் வரும். பெரும்பாலானோருக்கு முடக்குவாதம் இல்லை.

மொட்டை போட்டு வந்த வீட்டுக்காரர்

இன்னும் துல்லியமான டெஸ்ட் ஒன்று பின்னால் வந்தது: ஆன்டி-சி.சி.பி. இதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டு நாயை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையும் எடுத்து வந்திருக்கிறார். வாசலில் சொந்த நாயே அவரைப் பார்த்துக் குரைக்கிறது. ஆள் அதே ஆள்தான், தோற்றம் மாறிவிட்டது.

புரதங்கள் அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை. அதில் ஒரு மணி ஆர்ஜினின். அழற்சி இருக்கும் இடத்தில் ஒரு நொதி, முடி இறக்குகிறவர் மாதிரி, ஆர்ஜினினிலிருந்து ஒரு சின்னப் பகுதியை எடுத்துவிடுகிறது. அந்த மணி இப்போது சிட்ருலின். தர்பூசணிப் பழச்சாற்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால், அதன் தாவரப் பெயரை ஒட்டி வந்த பெயர் இது. ஆர்ஜினினின் நேர் மின்னூட்டம் போனதால் புரதத்தின் உருவமே கொஞ்சம் தளர்ந்து மாறுகிறது.

இந்த மொட்டை நம் எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் நோய் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துக் குரைக்கத் தொடங்குகிறது. மரபணு ஒரு காரணம். பீடி, சிகரெட் இன்னொரு காரணம்: புகை நுரையீரலில் இந்த மொட்டை வேலையை அதிகமாக்குகிறது. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமும் இதே வேலையைச் செய்யும் நொதி இருப்பது தெரிந்திருக்கிறது.

சிட்ருலினைக் குறிவைக்கும் அந்த ஆன்டிபாடியைப் பிடிக்க, சிட்ருலின் உள்ள ஒரு குட்டிப் புரதத் துண்டை வளையமாக வளைத்துத் தூண்டிலாக வைக்கிறார்கள். அந்த வளையம்தான் சி.சி.பி. நெதர்லாந்துக்காரர்கள் 1964-லேயே, கன்னத்தின் உள்பக்கம் சுரண்டிய செல்களில் முடக்குவாத நோயாளிகளின் சீரம் ஒட்டுவதைப் பார்த்திருந்தார்கள். எதில் ஒட்டுகிறது என்றுதான் தெரியவில்லை. சிட்ருலின்தான் அது என்று அதே நாட்டு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். 34 வருடம்!

நோய் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் இரண்டு டெஸ்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: 100 நோயாளிகளில் சுமார் 70 பேருக்கு பாசிட்டிவ். நோய் இல்லாதவரைத் தவறாகப் பிடிப்பதில்தான் வித்தியாசம். வேறு மூட்டு நோய்க்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால், 100 பேரில் 15 பேரை ஆர்.ஏ. ஃபாக்டர் தவறாகப் பிடிக்கும்; ஆன்டி-சி.சி.பி. 5 பேரைப் பிடிக்கும்.

மறுபடி ஒரு நிமிடம். ஆர்.ஏ. ஃபாக்டர் பல நோய்களில் வரும் துணைப்பொருள். ஆன்டி-சி.சி.பி. முடக்குவாதத்துக்கு நெருக்கமானது. இரண்டுக்குமே 100-ல் 30 நோயாளிகள் தப்பிவிடுவார்கள்.

யாரைச் சோதிக்கிறோம் என்பதுதான் கணக்கு

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மூட்டில் எந்தப் புகாரும் இல்லாத 1,000 பேரை வரிசையில் நிறுத்தி ஆர்.ஏ. ஃபாக்டர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 100-ல் ஒருவர் கணக்கில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். அதில் 7 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 990 பேர் நோய் இல்லாதவர்கள். 100-க்கு 5 என்றால் அவர்களில் சுமார் 50 பேருக்கும் பாசிட்டிவ். ஆக மொத்தம் 57 பாசிட்டிவ், அதில் நோய் இருப்பது 7 பேருக்கு. ஐம்பது பேர் வீணாக ராத்தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இப்போது மூட்டு-வாத நிபுணரிடம், ரூமட்டாலஜிஸ்ட் என்கிறோமே அவரிடம், விரல் வீங்கி வந்த 100 பேரை எடுங்கள். இவர்களில் 40 பேருக்கு முடக்குவாதம் என்று வைப்போம். அதில் 28 பேருக்கு பாசிட்டிவ். மீதி 60 பேரில், 100-க்கு 15 கணக்கில், 9 பேருக்கு பாசிட்டிவ். மொத்தம் 37, அதில் 28 பேர் நிஜ நோயாளிகள். அதே டெஸ்ட், அதே எண். ஒரு இடத்தில் எட்டில் ஒன்று, இன்னொரு இடத்தில் நாலில் மூன்று.

ஊசி குத்துவதற்கு முன்பே பாதி பதில் நோயாளியின் விரலில் இருக்கிறது. அதனால்தான் பேக்கேஜில் ஆர்.ஏ. ஃபாக்டரைச் சேர்ப்பதை நான் ரசிப்பதில்லை. பட்டியல் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

டாக்டர் எப்படிக் கூட்டிப் பார்க்கிறார்

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு-வாத மருத்துவச் சங்கங்கள் 2010-ல் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டன. ஆராய்ச்சிக்காக வகுத்தது, ஆனால் மருத்துவர்கள் யோசிக்கும் விதம் அதில் தெரியும். நுழைவுச்சீட்டு ஒன்று உண்டு: ஒரு மூட்டாவது உண்மையில் வீங்கியிருக்க வேண்டும், அதற்கு வேறு நல்ல காரணம் இருக்கக் கூடாது. அது இருந்தால்தான் மதிப்பெண்ணே. 10-க்கு 6 வந்தால் முடக்குவாதம்.

எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை. ஆர்.ஏ. ஃபாக்டருக்கும் ஆன்டி-சி.சி.பி.க்கும் சேர்த்து 3 வரை. எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் 2, மூன்று மடங்கைத் தாண்டினால் 3. இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ஏறியிருந்தால் 1. ஆறு வாரமாவது ஆகியிருந்தால் 1.

அந்த 62 வயது அம்மாவைப் போட்டுப் பாருங்கள். இரண்டு முழங்கால், பெரிய மூட்டு: 1. ஆர்.ஏ. 28, லேசான பாசிட்டிவ்: 2. இ.எஸ்.ஆர். அவர் வயதுக்குச் சரி: 0. நாள்பட்ட வலி: 1. மொத்தம் 4. அதுவும் நுழைவுச்சீட்டு இல்லாமல் உள்ளே விட்டால்தான். எக்ஸ்ரேயில் தேய்மானம்தான் தெரிந்தது என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார்.

பாசிட்டிவ் வந்தும் மூட்டில் ஒன்றுமில்லாதவர்கள் அப்படியே மறந்துவிடலாமா என்று கேட்பீர்கள். ஆன்டி-சி.சி.பி. அதிகமாக இருந்தால் மறக்க வேண்டாம். நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் சேமித்து வைத்த ரத்தத்தைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது, நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே இந்த ஆன்டிபாடிகள் இருந்தது தெரிந்தது. மருந்து உடனே வேண்டும் என்று அர்த்தமில்லை. புகை பிடிப்பவர் விட வேண்டும், விரல் வீங்கினால் அன்றைக்கே ஓட வேண்டும்.

எண்ணைத் துரத்துகிறவர்கள்

நோய் உறுதியாகி மருந்து எடுப்பவர்கள் சிலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்.ஏ. ஃபாக்டர் எடுத்து "இறங்கியிருக்கா?" என்று கேட்பார்கள். இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். மூட்டு நன்றாக இருக்கும்போதும் அது உயர்ந்தே கிடக்கும். நோய் அடங்குகிறதா என்று பார்க்கப் புகை டெஸ்ட்கள்தான் உதவும், கூடவே டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்ப்பது. அந்தக் காசுக்கு சி.ஆர்.பி. எடுக்கலாம்.

இன்னொன்று, வெறும் வயிறு தேவையா என்று தினம் நாலு பேர் கேட்கிறார்கள். இந்த நாலு டெஸ்ட்டுக்கும் தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.

மோதிரம் இறுகிய அந்தப் பெண், சிரித்துக்கொண்டு போனவர், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிக்க முடியாமல் கணவரைப் போடச் சொன்னார். இந்த முறை சீட்டை எழுதியவர் ரூமட்டாலஜிஸ்ட். விரலும் மணிக்கட்டும் சேர்த்து 12 மூட்டு: 5. ஆர்.ஏ. மறுபடி நெகட்டிவ், ஆன்டி-சி.சி.பி.யும் நெகட்டிவ்: 0. சி.ஆர்.பி. நன்றாக ஏறியிருந்தது: 1. ஆறு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது: 1. ஏழு. ஆன்டிபாடி தெரியாத முடக்குவாதம் என்று பெயர்.

வாரம் ஒரு நாள் மாத்திரை தொடங்கி வருடம் ஒன்றாகிறது. ரத்த அணுக்கள், லிவர், கிரியேட்டினின், சி.ஆர்.பி. என்று சீட்டோடு வருவார், ஆர்.ஏ. ஃபாக்டர் அதில் இருக்காது. கையெழுத்து அவரே போடுகிறார். மோதிரத்தை அப்போதே ஆசாரி வெட்டித்தான் எடுத்தாராம், ஒட்டவைக்கக் கொடுக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்றார்.